தோட்டமும் வனவுயிர்களும்



நாம் வாழும் தோட்டப்புறங்கள் ஒரு காலத்தில் அடர்ந்த கானகங்களாக விளங்கியவை. 1877ஆம் ஆண்டு ரப்பர் நாற்றுகள் இம்மண்ணுக்கு வந்தன. 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது. நம் முன்னோரின் வியர்வையால் காடு தோட்டமாயிற்று. நாடும் வளம் பெற்றது. ஆயின், அக்காட்டில் வாழ்ந்த உயிர்கள் என்னவாயின?

காட்டில் நெடுமரம், குறுமரம், கொடி, செடி எனப் பல அடுக்குகள் உண்டு. ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வோர் உயிர் வாழும். தோட்டத்திலோ ஒரே வகை மரம் ஒரே உயரத்தில் நிற்கிறது. பெருமரப் பொந்தில் முட்டையிடும் இருவாய்ச்சிப் பறவை அங்கு எங்ஙனம் குடும்பம் நடத்தும்? காட்டுயிர் வகைகளுள் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்தே செம்பனைத் தோட்டங்களிலும் காணப்படுவதாக 2008இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது.

சில உயிர்களோ தோட்டத்தில் பெருகுகின்றன. செம்பனைப் பழத்தைத் தின்று எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பும் கூகையும் வரும். ஆதலால் தோட்ட நிருவாகங்கள் கம்பங்களில் பெட்டி கட்டிக் கூகைகளை வளர்க்கின்றன. கடும் எலிநஞ்சு வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடியும். எஞ்சிய எலிகள் மீண்டும் பெருகும். கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்பது வெறும் மூடநம்பிக்கையே. உழவனுக்கு உதவும் அப்பறவையைக் கல்லால் அடிப்பது நன்றி மறத்தலாகும்.

காகத்தின் கதையும் அறியத்தக்கது. காப்பித் தோட்டங்களில் கம்பளிப்பூச்சிகளை ஒழிப்பதற்காக, 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. காப்பி மறைந்தது, காகம் நிலைத்தது. ஓர் உயிரை ஓரிடத்தில் சேர்ப்பது எளிது. பின்னர் நீக்குவது அரிது என்பதை இது உணர்த்துகிறது.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. புதரும் சதுப்பும் மறைந்து, நீரோடைகள் சிமெண்டுக் கால்வாய்களாகின்றன. தவளை மறைய, அதனை உண்ணும் நாரையும் அகலும். குப்பையை நாடும் காகமும் எலியுமே மிஞ்சும்.

வீடும் வேண்டும், விளைச்சலும் வேண்டும். இவற்றை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், ஆற்றோரத்து மரங்களை வெட்டாது விட்டால் அவை உயிர்கள் நடமாடும் வழியாகும்; மண்ணரிப்பையும் தடுக்கும். குப்பையை மூடிவைத்தால் எலியும் காகமும் குறையும். பள்ளி வளாகத்தில் ஓர் அத்திமரம் நட்டால் பறவைகள் பல பழம் தேடி வரும்.

மாணவர்களே! கூட்டைக் கலைக்காதீர், கவண் எடுக்காதீர். நாம் இன்று காப்பவற்றையே நாளை நம் வழித்தோன்றல்கள் கண்ணால் காண்பர்.