பழைய புல்லட்டில் இறுகிப்போன பிளக்

1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்து, 1956-இல் திருவொற்றியூரில் உற்பத்தியைத் தொடங்கிய நாள் முதலாக, புல்லட் மோட்டார் சைக்கிள் இந்தப் பிரதேசத்து வாழ்க்கையோடு ஒன்றிவிட்டது. திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே, மின்சார ரயில் பணிமனையால் பலரும் அறிந்த அண்ணனூரிலே, அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டிய பழைய 350 புல்லட்டை விற்க மனமில்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் நேரக்கூடிய சங்கடம் ஒன்று உண்டு: ஸ்பார்க் பிளக் இறுகிப்போய்க் கழலாமல் நிற்பது.

பாட்டரியின் 6 அல்லது 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தடித்த ஒயர் வழியே அனுப்ப, அந்த ஒயரைப் பிளக்கின் தலையோடு இணைப்பது பிளக் கேப். நான்கு வீச்சு எஞ்சினாகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம், நிமிஷத்துக்கு 3000 சுற்றில் விநாடிக்கு 25 பொறிகளை இந்த இணைப்பு தாங்குகிறது. எஞ்சின் உஷ்ணத்தில் நாள்தோறும் வெந்தும், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்தும் அது வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் மக்கர் செய்வது கேப்தான். அதன் ரப்பர் விளிம்பு வெப்பத்தால் கெட்டித்துப் பீங்கானைக் கவ்விக்கொள்ளும். உள்ளே இருக்கும் கிளிப்பில் பச்சைக் களிம்பு படிந்து பிளக்கின் தலையைப் பற்றிக்கொள்ளும். அப்போது ஒயரைப் பிடித்து இழுப்பது பெரும் பிழை. பழைய கேப்களில் ஒயரின் செம்புக் கம்பிகளுக்குள் ஒரு சிறு திருகு இறங்கித்தான் இணைப்பைத் தருகிறது. இழுத்தால் கம்பிகள் அறுந்து, கேப் அங்கேயே நிற்க ஒயர் மட்டும் கையோடு வந்துவிடும். இக்னிஷனை அணைத்து, எஞ்சின் ஆறிய பிறகு, மழுங்கிய ஸ்குரூ டிரைவர் முனையால் ரப்பர் விளிம்பைச் சுற்றிலும் மெல்ல நெகிழ்த்தி, கேப்பின் உடலையே பற்றி இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்தால் அது பிடி தளரும். ஒரே திசையில் இடப்புறமாகத் திருகிக்கொண்டே போனால், பிளக் தலையிலுள்ள சிறு நட்டும் கழன்று கேப்புக்குள்ளேயே தங்கிவிடக்கூடும் என்பதால் இந்த நிதானம் அவசியம்.

அடுத்து பிளக். இங்கேதான் விஷயத்தின் ரசாயனம் இருக்கிறது. புல்லட்டின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதில் 14 மில்லிமீட்டர் மரையோடு இறங்கியிருக்கும் பிளக்கின் உடல் எஃகு. இவ்விரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கையில் ஒரு நுண்ணிய மின்கலமே உண்டாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்ணிறத் தூளாகிறது. அத்தூள், தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரையின் இண்டு இடுக்கெல்லாம் இறுகிப்போகிறது. இந்த நிலையில் நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டிப் பலங்கொண்ட மட்டும் திருகுகிறவர், எஃகைவிட மென்மையான அலுமினிய மரையையே பிளக்கோடு உரித்தெடுத்துவிடுவார்.

அலுமினியம் ஒரே வெப்பத்தில் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் சூட்டில் பிடி தளரும் என்பது மெய்யே. ஆயினும் சூடான அலுமினியம் மேலும் மென்மையாகி மரையை இழக்கும் அபாயமும் அப்போதுதான் மிகுதி. ஆகவே இறுதியாகக் கழற்றுவது ஆறிய எஞ்சினிலே இருக்கட்டும் என்பதே என் தீர்மானம். பிளக்கைச் சுற்றிய மணலையும் தூசியையும் முதலில் காற்றால் ஊதிவிட வேண்டும். இல்லாவிடில் அவை சிலிண்டருக்குள் விழும். பின்பு துரு நீக்கும் எண்ணெயை மரையின் அடியில் சில சொட்டுகள் விட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். தீப்பற்றக்கூடிய எந்த எண்ணெயையும் கொதிக்கிற எஞ்சின்மேல் ஊற்றலாகாது.

மறுநாள் பிளக் ஸ்பேனரை நேராக அமர்த்தி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் அழுத்தி, பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். ‘நறநற’வென்ற ஓசை எழுந்தால் நிறுத்தி, கால் சுற்று திரும்ப உள்ளே செலுத்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னிலும் சற்று அதிகமாக வெளியே கொண்டுவர வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாக நகரும்போதே அரைபட்ட தூள் எண்ணெயோடு கலந்து வெளியேறுகிறது. மரை போயே போய்விட்டாலும் ஹெட்டை வீசிவிட வேண்டியதில்லை. அம்பத்தூர்ப் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தால், துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்னும் எஃகுச் சுருளைப் பதித்து, பழைய அளவிலேயே புதிய மரையை உண்டாக்கித் தருவார்கள்.

புதிய பிளக்கை ஸ்பேனரால் தொடங்காமல் விரலாலேயே கடைசிவரை திருகி, வாஷர் தட்டிய பின் ஏறத்தாழ அரைச் சுற்று மட்டும் ஸ்பேனரால் இறுக்கினால் போதும். மழைக்காலம் கழிந்ததும் ஆண்டுக்கு ஒரு தடவை கழற்றி, மரையைத் துடைத்து மாட்டுகிற பிளக்கில் அந்த வெண்தூள் கெட்டிப்படுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.