கோடையில் இறால் குளங்களின் உஷ்ணமும் பிராணவாயுவும்

நாகப்பட்டினம் ஜில்லாவிலும் அதனை அடுத்த கடற்கரைப் பகுதிகளிலும் உவர்நீர்க் குளங்களில் இறால் வளர்க்கும் நிலச்சுவான்தார்களுக்குச் சித்திரை, வைகாசி மாதங்கள் சோதனைக் காலமாகும். மாலையில் நீர் பசுமையாகவும் இறால்கள் சுறுசுறுப்பாகவும் காணப்பட்ட குளத்திலே, மறுநாள் விடியற்காலையில் அவை மேல்மட்டத்துக்கு வந்து தத்தளிப்பதும், கரையோரம் ஒதுங்கி மடிவதும் உண்டு. பல மாத உழைப்பும், குஞ்சுக்கும் தீவனத்துக்கும் செலவிட்ட பொருளும் ஓரிரவிலே அழிகின்றன. வெயிலே காரணமென்று பலர் கூறுவர். அது பாதி உண்மையே. வெயில் காய்வது பகலில். இறால்கள் மடிவதோ விடியலுக்கு முன்.

காரணம்

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டுவரும் வன்னாமி இறால் 28 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் நன்கு வளரும். நீர் சூடேறுந்தோறும் அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவின் அளவு குறையும். கடல்நீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியிலோ 6.2 மில்லிகிராமே தாங்கும். வரவு இவ்வாறு சுருங்கும்போது, உஷ்ணத்தால் இறாலின் சுவாசமும், அடிச்சேற்றின் அழுகலும் மிகுவதால் செலவு பெருகுகிறது.

நீரைப் பசுமையாக்கும் நுண்பாசி பகலில் பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் அதுவும் சுவாசித்து அதனையே செலவிடும். ஆகையால் சூரிய உதயத்துக்குச் சற்று முன்னரே பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். மாலைப் பசுமையைக் கண்டு மகிழ்ந்து உறங்குபவர் ஏமாற நேரிடும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, ஆழம். ஆழமற்ற நீர் விரைவிற் கொதிப்பேறும். கோடையில் நான்கு முதல் ஐந்து அடி வரை நீர் நிற்கும்படி கரையைப் பலப்படுத்துதல் நலம்.

இரண்டாவது, காற்றூட்டல். ஏரேட்டர் சக்கரங்களை நள்ளிரவு முதல் சூரியன் நன்கு எழும்வரை தவறாது ஓட்டவேண்டும். பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. மின்சாரம் தடைப்படுங்கால் உதவ எண்ணெய் இயந்திரம் ஒன்று ஆயத்தமாக இருத்தல் அவசியம். நடுப்பகலிற் சிறிது நேரம் ஓட்டினால் மேல்நீரும் அடிநீரும் கலக்கும்.

மூன்றாவது, தீவனம். கடும் வெயில் நேரத்தில் தீவனத்தைக் குறைக்கவேண்டும். விடியலிலும் அவசரப்படாது, நீரில் பிராணவாயு ஏறிய பின்னரே இடவேண்டும். தட்டிலே மிச்சம் கண்டால் அடுத்த வேளையின் அளவைக் குறைத்துவிடவேண்டும். உண்ணாத தீவனம் அழுகிப் பிராணவாயுவை விழுங்கும்.

நான்காவது, உப்பின் அளவு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 28 கிராம் உப்புள்ள குளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீர் வற்றினால், எஞ்சிய நீரில் அது 35 கிராமாகும். உப்பு மிகுந்தாலும் நீரிற் கரையும் பிராணவாயு குறையும். எனவே வற்றிய அளவைச் சிறிது சிறிதாக ஈடுசெய்யவேண்டும். கழிமுகத்து நீரைச் சேர்ப்பதாயின் முதலில் அதன் உப்பைச் சோதித்து, நுண்ணிய வலையில் வடிகட்டி, இரவின் குளிர்ந்த வேளையில் விடுவது தக்கது. ஒரே நாளிற் பெருமளவு மாற்றினால் இறால் அதிர்ச்சியுறும்.

கோடை மழை திடீரெனப் பெய்யின், இலேசான மழைநீர் உவர்நீரின் மேல் தனிப் படலமாக நிற்கும். மேல்மட்ட மதகு வழியே அதனை வடித்து, சக்கரங்களை ஓட்டிவிடவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

குளத்து உப்பைத் தணிக்க ஊர்க்கிணறுகளின் நன்னீரை இறைத்தல் கூடாது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் குறையுமாயின் அவ்விடத்தில் உவர்நீர் புகும். குடிநீரும் அயலார் வயலும் கெடும்.

பண்ணையாளர் ஒவ்வொருவரும் உஷ்ணமானியும் பிராணவாயுமானியும் வைத்துக்கொண்டு, விடியலுக்கு முன்னும் பிற்பகல் மூன்று மணிக்கும் மேல்நீரையும் அடிநீரையும் அளந்து குறிப்பேட்டில் எழுதிவருவாராக. அளவு நாளுக்கு நாள் இறங்குவதைக் குறிப்பேடு முன்னதாகவே காட்டிவிடும். கோடை வெயிலைத் தடுக்க எவராலும் இயலாது. விடியலுக்கு முன் எழுந்து குளக்கரைக்குச் செல்வது எவராலும் இயலும்.