கோணித்துணியில் தைத்த துயரம்

அரிசி மூட்டை காலியானால் அந்தக் கோணியை நாம் என்ன செய்வோம்? நாலாக மடித்து வாசலில் கால் மிதியடியாகப் போடுவோம். இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுவோம். தென் அமெரிக்காவில் சிலி என்ற நாட்டுப் பெண்கள், அதே மாதிரி கோணித்துணியில்தான் மிச்சம் மீதி வெட்டுத்துணிகளை வைத்துத் தைத்து, நெஞ்சில் இருந்த பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தார்கள். அந்தக் கைவேலைக்கு 'அர்பியேரா' என்று பெயர். அவர்கள் பாஷையில் கோணி என்றுதான் அதற்கு அர்த்தமாம்.

1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனாதிபதி அயெந்தே அன்றைக்கே மாளிகையில் உயிரிழந்தார். ஜெனரல் பினோசேயின் சர்வாதிகாரம் 1990 மார்ச் வரை நீடித்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக 3,000 பேருக்கு மேல். சிறையிலும் சித்திரவதையிலும் மாட்டி உயிர் தப்பியவர்கள் என்று பிற்பாடு அரசாங்கக் கமிஷன்களே ஒப்புக்கொண்டது 38,000 பேருக்கும் அதிகம். அம்மாடி! ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு, ஓர் அடுப்பு, குழந்தை குட்டிகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், "அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லையே" என்கிறார்கள். ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பிணவறை என்று அலைந்தவர்கள், அந்த வரிசைகளில்தான் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். இவர்களை 1974 முதல் தலைநகர் சாந்தியாகோவில் ஒன்றாக உட்கார வைத்துத் தைக்கச் சொன்னது தேவாலயங்கள் சேர்ந்து நடத்திய ஓர் உதவிக் குழு. அதை ஆட்சியாளர்கள் மூட வைத்தபோது, கார்டினல் சில்வா என்ரிக்கஸ் 1976-ல் வேறு பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, அந்தப் பணியை விடாமல் நடத்தினார். தைரியசாலி மனுஷர்!

என்ன தைத்தார்கள் தெரியுமா? மேலே ஆண்டிஸ் மலை, ஒரு சூரியன், கீழே வரிசையாகக் குட்டி வீடுகள். பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டும் படம் மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். தெருவில் போலீஸ் வண்டி நிற்கும். பூட்டிய தொழிற்சாலை இருக்கும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து சமைக்கும் பொதுப்பானை அடுப்பில் இருக்கும். 'எங்கே அவர்கள்?' என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு, விரல் உயரத்தில் பொம்மைப் பெண்கள் நிற்பார்கள். ஓரத்தைக் கம்பளி நூலால் முடித்துவிடுவார்கள். காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைத்தவர்களும் உண்டு. பல படங்களின் பின்பக்கம் சின்னதாக ஒரு பை. அதற்குள் ஒரு காகிதத்தில் விஷயம் எழுதியிருக்கும். இவை வெளிநாட்டுக்குப் போய் விற்றன. உள்ளூரில் வாயைத் திறக்க முடியாத காலத்தில் உலகத்துக்குச் சேதி சொன்னது இந்தக் கோணிதான். வீட்டுக்குப் பணமும் வந்தது.

இதைப் போய் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். அப்பளம் இடும்போது நாம் பேசாத பேச்சா? "எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை, எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கிறது" என்று நினைத்திருந்தவளுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கும் அப்படியே என்று தெரிவதே பாதி ஆறுதல்.

செத்துப்போனால் அழுது, காரியம் செய்து, மெல்லத் தேறுவோம். காணாமல் போனால்? பொட்டை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? அவளைச் சுமங்கலி என்பதா, என்னவென்று சொல்வது? வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிகளிடம் பேசிய அமெரிக்கரான பாலின் பாஸ் என்ற அம்மையார், இதைத் 'தெளிவில்லாத இழப்பு' என்று குறிப்பிட்டார். மனைவியிடம் கோளாறு இல்லை, அவள் நிலைமையே கோளாறானது என்பது அவர் சொன்னதன் சாரம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017-ல் பிள்ளைகளின் படத்தை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்த நம் தாய்மாரை நினைத்தால் இது நன்றாகவே புரியும்.

சிலியில் சித்திரவதைப்பட்டு வந்தவர்களுக்கு 'ஃபாசிக்' என்ற அமைப்பில் 1977 முதல் மனநல சிகிச்சை தந்தார்கள். எலிசபெத் லீரா, எவுகேனியா வைன்ஸ்டைன் என்ற இரு பெண் நிபுணர்கள் ஒரு முறையைக் கையாண்டார்கள். பாதிக்கப்பட்டவர் தம் கதையைச் சொல்லச் சொல்ல டேப்பில் பதிவு செய்வது. அதை எழுத்தாக்கி, இருவருமாக உட்கார்ந்து திருத்துவது. கடைசியில் அது ஒரு சாட்சிப் பத்திரமாக அவர் கைக்கே வரும். மிரட்டிக் கக்க வைத்த வாக்குமூலம் ஒரு பக்கம். தானே விரும்பிச் சொன்ன சாட்சி இன்னொரு பக்கம். எவ்வளவு வித்தியாசம்! 1983-ல் இதை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டபோது இருவரும் புனைபெயரில்தான் எழுத வேண்டியிருந்தது. சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்ததே!

இன்னொன்றும் அவர்கள் சொன்னார்கள்: இந்த மாதிரி நோயாளி முன்னால் டாக்டர் 'நான் நடுநிலை' என்று உட்கார முடியாது. நடந்தது அநியாயம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சிகிச்சையே. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. இதே சாட்சி முறையைக் காசியிலும் 2008 வாக்கில் போலீஸ் சித்திரவதைக்கு ஆளான ஏழைகளுக்குச் செய்து பார்த்தார்கள். முடிவில் ஊரார் முன்னிலையில் படித்துக் காட்டி, மரியாதை செய்து, பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள்.

சகோதரிகளே, 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்து நம் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். பட்டாசு வெடித்தால் பதறுவார். காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்குவார். "பழசையெல்லாம் மறந்துடுங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது என்ன பால் கணக்கா, அழித்துவிட்டு மறுபடி எழுத? கதையைக் கேட்டுத் துருவவும் கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வதால் நன்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்திருக்கிறது. அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூட ஃபீஸ் போன்ற கண்ணெதிர்க் கவலைக்குக் கைகொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால், தாமதிக்காமல் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். துணைக்கு ஆள் இருந்தால் பலர் வருவார்கள்.

சிலியில் மக்களாட்சி திரும்பியதும் 1991-ல், பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உடம்புக்கும் மனசுக்குமாக அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இலவச சிகிச்சை ஏற்பாடாயிற்று. பேரன் பேத்திகளுக்கும் அதில் இடம் உண்டு. காணாமல் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகூடக் கிடைக்காத நிலையில், அவர்களைத் தேடவென்று அரசாங்கமே ஒரு தேசியத் திட்டம் அறிவித்தது 2023-ல்தான். அதற்குள் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. தைத்த தாய்மாரில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.