திரையில் தெரியும் எண் யாருடையது?

கைப்பேசி ஒலிக்கிறது. திரையில் 03 என்று தொடங்கும் எண். இணையத்தில் தேடினால் அது உண்மையிலேயே ஒரு காவல் நிலையத்தின் எண்தான். பேசுபவரோ, உங்கள் பெயரில் கைது ஆணை இருக்கிறது என்கிறார். எண் சரியாக இருக்கிறதே என்று நம்பி, சேமநிதிப் பணத்தையே இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. ‘மக்காவ் மோசடி’ என்று நம் நாட்டில் பேர் வாங்கிய வித்தை இது.

வேறொருவரின் எண் எப்படித் திரையில் வருகிறது?

மணி ஒலிக்கும் முன்பே அழைப்பவர் பக்கத்து இணைப்பகம் ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. அதில் இரண்டு எண்கள் இருக்கும். அழைக்கப்படுபவரின் எண் சரியாக இருந்தே ஆக வேண்டும். தவறினால் அழைப்பு வந்து சேராது. அழைப்பவரின் எண் அப்படியல்ல. கடித உறையின் பின்புறம் எழுதும் அனுப்புநர் முகவரி போன்றது அது. எதை எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். இதற்கு நியாயமான பயனும் உண்டு. வங்கியில் எந்த மேசையிலிருந்து பேசினாலும் ஒரே பொது எண் தெரிவது இதனால்தான். நம் நாட்டில் 1987 வரை தொலைப்பேசிச் சேவை அரசாங்க இலாகாவின் கையில் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், இணைப்பகங்கள் ஒன்றையொன்று நம்பியதில் வியப்பில்லை.

முகவரியைப் பொய்யாக எழுதலாம். அஞ்சல் முத்திரையை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. தொலைப்பேசியில் அந்த முத்திரை, அழைப்பு நுழைந்த வாசல். தொலைப்பேசித் துறையில் இதை ‘டிரங்க்’ என்பார்கள். வெளிநாட்டு அழைப்புகளுக்குத் தனி டிரங்குகள் உண்டு. வடிகட்டி அமைக்கும் பொறியியலாளர் எழுதும் விதி எளிது: வெளிநாட்டு வாசல் வழியாக உள்நாட்டு நிலவழி எண் வந்தால் தடு. பிரிக்பீல்ட்ஸ் கடையின் மேசைத் தொலைப்பேசி பாங்காக்கிற்குப் பயணம் போகாதே!

கைப்பேசி எண்ணில்தான் சிக்கல். மகள் லண்டனிலிருந்து தன் மலேசிய எண்ணிலேயே கிள்ளானில் இருக்கும் அம்மாவை அழைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு தடுத்தால் அவளுடைய அழைப்பும் போய்விடும். எனவே, அந்த சிம் இப்போது உண்மையில் வெளிநாட்டில்தான் பதிவாகியிருக்கிறதா என்று, அதை வழங்கிய நிறுவனத்தின் பதிவேட்டை நொடிப்பொழுதில் கேட்டறிய வேண்டும்.

சிங்கப்பூர் எளிய வழியைப் பிடித்தது. 2020 ஏப்ரல் முதல் அங்கே வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் + குறி தெரிகிறது. இந்தியா 2024 அக்டோபரில் வாசலிலேயே வடிகட்டியைப் பொருத்தியது. முதல் 24 மணி நேரத்தில் இந்திய எண்ணைக் காட்டி வெளியிலிருந்து வந்த அழைப்புகளில் சுமார் 90 விழுக்காடு, அதாவது 1 கோடியே 35 லட்சம், போலி என்று தடுக்கப்பட்டதாக அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது. எஞ்சியதில், பத்துமலை பார்க்க வந்த சென்னைக்காரர் வீட்டுக்குப் பேசியதும் இருந்திருக்கலாம்.

மோசடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பல உள்ளூர் சிம் அட்டைகளைச் செருகிய ‘சிம் பெட்டி’யை இங்கேயே ஒரு வீட்டில் வைத்து, இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுகிறார்கள். வெளிநாட்டு வாசலில் நிற்கும் வடிகட்டிக்கு இது தெரியாது. ஆனால் திரையில் வருவது ஏதோ ஒரு 01 எண். காவல் நிலையத்தின் எண் அல்ல.

சந்தேகம் வந்தால் இணைப்பைத் துண்டித்து, அந்த நிலையத்தின் எண்ணை நீங்களே அழுத்துங்கள். நீங்கள் அழைக்கும்போது அழைப்பு அந்த எண்ணின் உண்மையான உரிமையாளரிடம்தான் போகும். பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் உடனே 997. அது தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண்.