அப்பம்மாவின் சாய்தளத்துக்கு எந்த அலுமினியத் தகடு?

“அலுமினியம் தானே, துருப்பிடிக்காது.” ரொறன்ரோவில் 20 வருசமாகத் தகட்டு வேலை செய்கிற நான் எங்கட ஆக்களிடம் அடிக்கடி கேட்கிற வசனம் இது. அதில் பாதிதான் உண்மை. இரும்பு மாதிரிச் செந்துரு வராது. ஆனால் அரிக்கும். பனிக்காலத்தில் வாசலுக்கு உப்புப் போடுகிற ஊரில், வயதான பெற்றோரோடு இருக்கிறவர்களுக்கு அந்த மற்றப் பாதியும் தெரிந்திருக்க வேண்டும்.

போன வருசம் ஒரு நண்பர் வீட்டில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேலே பளபளப்பு. கழற்றித் திருப்பினால், மரச்சட்டத்தில் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி, அதற்குக் கீழே குழிகள். போல்ட்டைச் சுற்றித் தகடு மெலிந்து போயிருந்தது. இன்னும் இரண்டு பனிக்காலம் போயிருந்தால் சக்கரம் உள்ளே இறங்கியிருக்கும். அதே வருசம் என் அம்மாவுக்கும் இடுப்பெலும்பு முறிந்து, எங்கள் வாசலுக்கும் ஒரு சாய்தளம் தேவைப்பட்டது. 15 வயது மகளும் நானும் சேர்ந்து செய்தோம்.

தகடு வாங்கப் போன இடத்தில் அவள் கேட்டாள்: “எல்லாம் ஒரே வெள்ளி நிறம். எது எண்டு எப்படித் தெரியும் அப்பா?”

தகட்டிலேயே எண் அச்சடித்திருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். 3003 மங்கனீசு கலந்தது. நன்றாக வளையும், ஆனால் பலம் குறைவு. கடைகளில் வைர வடிவம் பதித்து மினுங்குகிற தகடு பெரும்பாலும் இதுதான். 5052 இல் சுமார் 2.5 சதவீதம் மக்னீசியம். உப்புத்தண்ணீரைத் தாங்கும், அதனால்தான் படகு செய்கிறவர்கள் இதை விரும்புகிறார்கள். 6061-டி6 இன்னும் பலமானது, ஆனால் இறுக்கமாக மடக்கினால் வெடிக்கும். விமான வேலைக்குப் பேர்போன 2024 இல் செம்பு உண்டு. பலம் அதிகம், உப்பில் சீக்கிரம் அரித்துவிடும்.

ஆக, “எது பலமானது?” என்பது முதல் கேள்வி இல்லை. “இது எங்கே கிடக்கப் போகுது, எதைத் தொடப் போகுது?” என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் மேல்தகட்டுக்கு 3 மில்லிமீற்றர் 5052-எச்32, சட்டத்துக்கு 6061-டி6 எடுத்தோம்.

வாசல் உயரம் 14 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் 14 அடி வந்தது. இரும்பில் செய்தால் தூக்க ஆள் தேடவேணும். அதே அளவு அலுமினியத்துக்கு இரும்பின் மூன்றிலொரு பங்கு எடைதான்.

மகள் மடிப்புக் கோடு போடப் பென்சிலை எடுத்தாள். நிறுத்தினேன். பென்சிலில் இருக்கிற கிராஃபைட் ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். மார்க்கர் பேனாதான் நல்லது. ஊசியால் கீறவும் கூடாது, கீறின இடத்தில் வெடிக்கும். 5052 ஐ மடக்கும்போது உள்வளைவு தகட்டின் தடிப்பில் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 6061-டி6 என்றால் மூன்று, நான்கு மடங்கு வேணும். இரும்பு தேய்த்த பிரஷ்ஷையும் தேய்ப்புச் சில்லையும் அலுமினியத்தில் போடாதேங்கோ. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் துருவேறி, அங்கேதான் குழி விழத் தொடங்கும்.

சட்டத்தை வெல்டிங் செய்யாமல் போல்ட்டால் பூட்டினோம். காரணம், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் 6061-டி6 தன் பலத்தைப் பெருமளவு இழந்துவிடும். வெல்டிங் செய்தே ஆகவேண்டும் என்றால் அதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கோ. அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் மேலே இருக்கிற ஒக்சைட் படலம் 2000 பாகை தாண்டித்தான் உருகும். அந்தப் படலத்தை முதலில் சுத்தம் செய்யாவிட்டால் ஒட்டினது போலத் தெரியும், உள்ளே ஒட்டியிராது.

அலுமினியத்தைக் காப்பாற்றுவதும் இதே மெல்லிய படலம்தான். கீறினாலும் தானாகத் திரும்ப வரும். ஆனால் ஈரம் தேங்கி நிற்கிற இடுக்கில் அது தோற்றுப்போகும். நண்பர் வீட்டில் நடந்தது அதுதான். வெளியே பாவிக்கிற பதப்படுத்திய மரத்தில் செம்பு மருந்து இருக்கும். செம்பும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். புதுச் சீமெந்தின் காரமும் அப்படித்தான். அதனால் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் தடித்த பிளாஸ்டிக் பட்டி வைத்தோம். சீமெந்தில் படுகிற நுனிக்கு ரப்பர். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளுக்கு நைலோன் வாஷர். செம்பு, பித்தளைப் போல்ட் வேண்டவே வேண்டாம். நடுவில் தண்ணீர் வடியத் துளைகள், மேலே வழுக்காத சொரசொரப்புப் பட்டி.

பனிக்காலம் முடிந்ததும் ஹோஸ் பைப்பால் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுகிறோம். அந்த வேலை இப்ப மகளுடையது. வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்பம்மாவை வெளியே கூட்டிப் போவாள்.

நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. செய்விக்கிற ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கோ: தகட்டின் எண் என்ன? சட்டத்தில் எங்கெங்கே வெல்டிங் வருது? மரத்துக்கும் சீமெந்துக்கும் நடுவில் என்ன வைக்கப் போறீங்கள்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கோ.