ஊசிக்குப் பிறகா, ஊசியாலா?

"ஊசி போட்டாரு, ரெண்டே நாள்ல ஆளு போய்ட்டாரு. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?"

2021ஆம் ஆண்டு கொவிட் தடுப்பூசி வந்த நேரத்தில் தமிழர் வாழும் இடமெல்லாம் சுற்றிய பேச்சு இது. நம்ம கோல சிலாங்கூர் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. ஈஜோக் முதல் பெஸ்தாரி ஜெயா வரை (பெயர் மாறிப் பல வருஷமானாலும் நமக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) கைத்தொலைபேசியில் வந்த செய்தியைக் காட்டி, "வேண்டாம்மா, போகாதே" என்று தாயைத் தடுத்த பிள்ளைகளும் உண்டு. பிள்ளையைத் தடுத்த தாய்மாரும் உண்டு.

பேச்சுக்குக் காரணம் நடிகர் விவேக்கின் மரணம். அந்த ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், மக்களின் பயம் போகட்டும் என்று, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் அவர் கோவேக்சின் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் மயங்கி விழுந்தார். 17ஆம் நாள் அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 59. நம்மையெல்லாம் சிரிக்க வைத்த மனிதர். அந்தத் துக்கத்தில் எழுந்த சந்தேகத்தைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை.

ஆனால் விசாரிக்காமல் விடவும் முடியாது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியமான இடது குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது ஒரே ராத்திரியில் நடக்கிற காரியமல்ல, வருஷக்கணக்கில் சேருவது. பிறகு இந்திய அரசின் தடுப்பூசிப் பக்கவிளைவு ஆய்வுக் குழு ஆராய்ந்து பார்த்தது. மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்ற அதன் முடிவு அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது.

"குழு சொன்னா நம்பிடணுமா?" நியாயமான கேள்வி. குழுவை விடுங்கள், நாமே ஒரு கணக்குப் போடுவோம். இந்தியாவில் சாதாரண நாளிலேயே 20,000 பேருக்கு மேல் பல காரணங்களால் இறக்கிறார்கள். அந்த ஏப்ரலில் தினமும் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டார்கள். ஊசிக்குள் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும் அவர்களில் சிலர் மறுநாள் மாரடைப்பில் போயிருப்பார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுச் சாயங்காலம் செத்தவரும் உண்டு; இட்லியை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஒரே ஒருவரை வைத்து ஊசிக்குப் பிறகு நடந்ததா, ஊசியால் நடந்ததா என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது தோட்டத் தொழிலாளிக்குப் புதுசா? கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போகிற வழியில் சுங்கை பூலோ. அங்கே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால் பால் வெட்டிய கை எதற்கும் தெரியும். அந்த மரம் நல்லா பால் கொடுக்கும் என்று யாராவது கனவு கண்டா நட்டார்கள்? வேறு ரக மரங்களோடு சேர்த்து நட்டு, வருஷக்கணக்கில் வெட்டி, பாலை நிறுத்து, கணக்கு எழுதிப் பார்த்த பிறகுதான் தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்தார்கள். "என் நிரையில ஒரு மரம் ஒரு வாளி பால் ஊத்துச்சு" என்று ஒருவர் சொன்னால் மண்டோர் சிரிப்பார். மரத்துக்கு நாம் கேட்கிற கணக்கை மனுஷ உயிருக்கும் கேட்கலாம், அவ்வளவுதான்.

அப்படித்தான் கேட்டார்கள். 1954இல் அமெரிக்காவில் சால்க் என்ற விஞ்ஞானியின் இளம்பிள்ளைவாத ஊசியைச் சோதித்தபோது சுமார் 18 லட்சம் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியில், ஏறக்குறைய 2 லட்சம் பேருக்கு உண்மை மருந்து. இன்னொரு 2 லட்சம் பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற, மருந்தில்லாத நீர். எந்தப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஊசி போட்ட டாக்டருக்கும் தெரியாது. யாருடைய ஆசையும் நம்பிக்கையும் கணக்கில் கலந்துவிடக் கூடாதே! கடைசியில் எண்ணினார்கள். மருந்து போட்டவர்களில் லட்சத்துக்கு 28 பேருக்கு நோய். போடாதவர்களில் லட்சத்துக்கு 71 பேருக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறு வருஷமே, 1955இல், கட்டர் என்ற அமெரிக்கக் கம்பெனி தயாரித்த சில மருந்துகளில் உயிருள்ள கிருமி தங்கிவிட்டது. சுமார் 200 பேருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. 10 பேர் இறந்தார்கள். ஆகவே "ஊசியால் ஒன்றுமே ஆகாது" என்று யாராவது அடித்துச் சொன்னால் அதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அந்தத் தவற்றைப் பிடித்தது எது? அதே எண்ணிக்கைதான். நோய் கண்ட பிள்ளைகள் எந்தக் கம்பெனி மருந்து போட்டார்கள் என்று வரிசைப்படுத்தியதும் சில நாளிலேயே விஷயம் வெளிப்பட்டது. அந்த மருந்தைத் திரும்ப வாங்கினார்கள். தயாரிப்புச் சட்டத்தை இறுக்கினார்கள்.

"அப்போ நம்ம சாமி, வேப்பிலை எல்லாம் பொய்யா?" என்று பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். அம்மா வந்திருக்கா என்று வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாளை உள்ளே விடாமல் வைத்தார்களே, நோய் பரவாமல் தடுக்க அது நல்ல ஏற்பாடு. கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள் மாரியம்மனையும் கும்பிட்டார்கள். கையை நீட்டி அம்மையும் குத்திக்கொண்டார்கள். அந்தத் தழும்போடுதான் நெற்றி நிறைய திருநீறும் பூசினார்கள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக எந்தத் தோட்டத்திலும் மாரியம்மன் திருவிழா நின்றுபோகவில்லை.

தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவும் போய்விட்டது என்றுதான் பலர் இருந்தோம். 2016இல் நம் நாட்டிலேயே, கெடாவிலும் மலாக்காவிலும், ஊசி போடாத பிள்ளைகளை அது கொண்டுபோனது.

இதில் எல்லாப் பழியையும் பெற்றோரின் நம்பிக்கை மேல் போடுவது சரியல்ல என்பதும் நம் எண்ணம். செம்பனைக் காட்டுக்குள் இருக்கிற குடும்பத்துக்குக் கிளினிக் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். தோட்டத்தில் முன்பிருந்த டிரசரும் ஆஸ்பத்திரியும் பல இடங்களில் இப்போது இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க வாசலில் நிற்கத் தயங்கும் தாயும் இருக்கிறாள். அவளுக்குத் தேவை விஞ்ஞானப் பாடமல்ல, கூட வந்து பேசுகிற ஓர் ஆள். தோட்டத் தலைவர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் அதைச் செய்யலாமே.

பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஊசிக் கட்டம் ஏதாவது காலியாக இருந்தால், "நாள் தப்பிப் போச்சே, இனிமே திட்டுவாங்க" என்று ஒளித்து வைக்க வேண்டாம். பெரும்பாலான ஊசிகளுக்கு முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். புத்தகத்தோடு போய் மிஸியிடம் காட்டுங்கள். காய்ச்சல் வருமா, எத்தனை நாள் இருக்கும், எது வந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரணும் என்று மூன்றையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.