‘அந்த கமாண்ட் என்னண்ணா?’ - டீமின் மனப்பாடத்தை ஃபைலாக்கும் டாஸ்க் ரன்னர்!

ராணிப்பேட்டை டேனரிக்கு வரும் உப்புத் தோல் நேராகப் பதனிடும் டிரம்முக்குப் போகாது. ஊறவைத்து, கழுவி, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சதை வழித்து, சுண்ணாம்பை எடுத்த பிறகுதான் பதனிடல். எவ்வளவு தண்ணீர், என்ன ரசாயனம், எத்தனை மணி நேரம் என்பதற்கு ஒரு ‘ரெசிபி’ உண்டு. அது மேஸ்திரியின் தலைக்குள் மட்டுமே இருந்தால், அவர் லீவு போடும் நாளில் திண்டாட்டம்தான்.

ஐடி டீம்களிலும் இதே கதைதான். “அண்ணா, டெஸ்ட் எப்படி ரன் பண்றது?”, “டேட்டாபேஸ் ரீசெட்டுக்கு என்ன கமாண்ட்?” - புதிதாகச் சேர்ந்தவர் கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் தெரிந்த சீனியர் வேலையை விட்டுப் போய்விட்டால்? இதற்கான தீர்வுதான் ‘டாஸ்க் ரன்னர்’.

அது என்ன?

ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஒரு சின்ன ஃபைல். நீளமான கமாண்டுகளை அதில் எழுதி, ‘டெஸ்ட்’, ‘டெப்ளாய்’ எனப் பெயர் வைத்துவிடலாம். பிறகு டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் போதும். எது முடிந்து எது ஓட வேண்டும் என்ற வரிசையையும் சொல்லிவிடலாம்.

யார் ஆரம்பித்தது?

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய ‘மேக்’தான் முன்னோடி. சக ஊழியர் ஒருவர், பிழை திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டு, ஒரு காலைப் பொழுது முழுக்கப் பிழையைத் தேடியிருக்கிறார். அந்தக் கடுப்பில் பிறந்தது இந்த டூல். 2003-ல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் இதற்குக் கிடைத்தது.

‘மேக்’ முதன்மையாகக் கோடை பில்ட் செய்வதற்கானது. டாஸ்க்குகளை ஓட்டுவதற்கென்றே 2016-ல் கேசி ரோடார்மர் தொடங்கியது ‘ஜஸ்ட்’. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். இதில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பெயர் என்ன தெரியுமா? அதே ‘ரெசிபி’!

ஏன் முக்கியம்?

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர், தவறான சர்வரில் டெலீட் கமாண்டை அடித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். கடைசி 6 மணி நேர டேட்டா திரும்பவே இல்லை.

டாஸ்க் ரன்னர் எல்லா விபத்தையும் தடுத்துவிடாது. தப்பான ரெசிபியை எழுதினால், தப்பையும் ஒரே வார்த்தையில் செய்துவிடும். ஆனால் ஃபைலில் இருப்பதை நாலு பேர் படித்துத் திருத்தலாம். ஆபத்தான டாஸ்க்குக்கு முன் ‘நிஜமாகவா?’ என்று கேட்கவைக்கும் வசதியும் ‘ஜஸ்ட்’டில் உண்டு.

எப்படித் தொடங்குவது?

* வாரத்தில் மூன்று முறைக்கு மேல் அடிக்கும் கமாண்டை முதலில் ஃபைலில் ஏற்றுங்கள்.
* ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.
* பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவே கூடாது.
* வேறொருவரின் ப்ராஜெக்ட் என்றால், ஃபைலைப் படித்துப் பார்த்த பிறகே ரன் கொடுங்கள்.

அடுத்த முறை ஜூனியர் வந்து “அந்த கமாண்ட் என்னண்ணா?” என்று கேட்டால், சாட்டில் பதில் போட வேண்டாம். ஃபைலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நீங்கள் லீவில் இருக்கும் நாளிலும் வேலை நடக்கும்.